தப்பியோடும் தோணியும் துப்பாக்கியும்

மன்னார்த் தீவு வடமேற்கு நோக்கி நீண்டு கிடப்பது. அதன் ஒரு முனையில் போர்த்துக்கேயர் 1560 ஆம் ஆண்டிற் கைக்கொண்டு கட்டிய கோட்டையும், தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியும் உள்ளன. மறுமுனை தலைமன்னார். அங்கிருந்து தனுஷ்கோடிக் கரை வரை கடல் ஏறத்தாழ 20 மைல் அகலமே. அந்த 20 மைலும் முழுக் கடலன்று. இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் வழங்கும் மணற்றீடைகள் இடையிடையே தலைகாட்டுகின்றன. பெருங்கப்பல் செல்ல இயலாத இந்நீரில் சிறு வள்ளம் இலகுவிற் செல்லும். முத்துக் குளிப்போர், தோட்டங்களை நாடிய கூலியாட்கள், யாத்திரிகர், வணிகர், கடத்தற்காரர், அகதிகள் ஆகிய யாவரும் இந்நீரையே கடந்தனர். அவர்களைத் தடுக்கவும் சோதிக்கவும் ஆட்சியாளர் வைத்த காவலும் இக்கரையிலேயே நின்றது.

காவலன் நில் என்கிறான். மற்றவன் நில்லாது ஓடுகிறான். அவனைச் சுட்டு வீழ்த்தக் காவலனுக்கு உரிமை உண்டா? எப்பொழுது உண்டு? இவ்வினா உலகெங்கும் எழுந்த பழைய வினாவே. ஆயினும் மன்னார்க் கரையில் இதற்குத் தனியான ஒரு கூர்மை உண்டு. இங்கே ஓடுபவன் யார், அவன் செய்த குற்றம் யாது என்பதைச் சுடுபவன் பெரும்பாலும் அறியான். இருட்டில் ஒரு வள்ளம் செல்கிறது என்பது ஒன்றே அவனுக்குத் தெரியும்.

முதலிற் சட்டம் வந்த வழியைப் பார்ப்போம். இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்திலே குற்றங்கள் பெருங்குற்றம், சிறுகுற்றம் என இருவகைப்பட்டன. பெருங்குற்றம் செய்தவன் தப்பியோடும்போது அவனைப் பிடிக்க வேறு வழியில்லையாயின் கொல்லலாம். சிறுகுற்றம் செய்தவனைக் கொல்லலாகாது. 17 ஆம் நூற்றாண்டில் நீதியரசர் மத்தியூ ஹேலும், 18 ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டனும் இவ்விதியை விளக்கியுள்ளனர். இன்று கேட்போருக்குக் கொடிதாகத் தோன்றும் இவ்விதிக்கு அக்காலத்தில் ஒரு நியாயம் இருந்தது. பெருங்குற்றம் எதுவாயினும் அதற்குத் தண்டனை பெரும்பாலும் தூக்குமரமே. ஓடுபவன் பிடிபட்டாலும் சாவான், சுடப்பட்டாலும் சாவான். அன்றியும் அன்றைய ஊர்க்காவலனிடம் இருந்தவை வாளும் தடியுமே. கைக்கெட்டும் தொலைவில் நேருக்கு நேர் நின்று மல்லிடும்போதே கொலை நிகழும். நூறு யார் தொலைவிலிருந்து முதுகைக் குறிபார்த்துச் சுடுதல் அவ்விதியை வகுத்தோர் கண்ட காட்சியன்று.

பிளாக்ஸ்டன் இதனோடு ஓர் எல்லையையும் வைத்தார். செய்து முடித்தாலும் மரண தண்டனை பெறாத ஒரு குற்றத்தை, உயிரைப் பறித்துத் தடுக்கச் சட்டம் இடங்கொடாது என்பது அவர் கருத்து. இந்த எல்லையே பின்னர் நம் நாடுகளின் சட்டக் கோவைகளில் எழுத்தாக நின்றது. இந்தியாவின் 1898 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 46 ஆம் பிரிவு கைது செய்யும் முறையைக் கூறுவது. கைதுக்கு உடன்படாது எதிர்ப்பவனையோ தப்ப முயல்பவனையோ பிடிக்க வேண்டிய வழிகளைக் கையாளலாம் என்று கூறிவிட்டு, மரண தண்டனைக்கோ ஆயுட்காலத் தீவாந்தரத்துக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவனின் உயிரைப் போக்க இப்பிரிவு உரிமை தராது என்று அது தடை விதித்தது. 1973 ஆம் ஆண்டுக் கோவையிலும், 2024 ஆம் ஆண்டு ஆடி மாதம் முதல் அங்கு நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் அத்தடை தொடர்கிறது. தீவாந்தரம் என்பது ஆயுட்சிறை என்று மாறியதே வேறுபாடு.

இலங்கையிலோ எல்லை இன்னும் நெருக்கமானது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமாகிய நமது குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 23 ஆம் பிரிவு, தப்ப முயல்பவனைப் பிடிக்க நியாயமான அளவுக்குத் தேவைப்படும் வழிகளைக் கையாள இடங்கொடுக்கிறது. ஆனால் மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத எவனையும் கொல்ல அது உரிமை தரவில்லை. ஆயுட்சிறைக்குரிய குற்றம் என்பது இங்குப் போதாது. பாக்குநீரிணையின் இருகரையிலும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த சட்டம், இக்கரையில் ஒரு படி கடுமையாக நிற்பது கவனிக்கத்தக்கது. சட்டம் காவலனை இவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறதென்பது நம்மவருட் பலருக்குத் தெரியாது. காவலருட் பலருக்கும் தெரிந்திருக்குமோ என்பது ஐயமே.

காவலனுக்கு வேறு காப்பே இல்லை என்று எண்ணிவிடலாகாது. ஓடுபவன் திரும்பிச் சுட்டால், வெட்ட வந்தால், பிறர் உயிருக்கு அபாயம் விளைத்தால், 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை வழங்கும் தற்காப்புரிமை காவலனுக்கும் உண்டு. அக்கோவையின் 294 ஆம் பிரிவில் இன்னொரு விலக்கும் இருக்கிறது. அரசாங்க ஊழியன் ஒருவன் பகைமையின்றி, தன் கடமைக்கு இது சட்டப்படியும் அவசியப்படியும் தேவையென நல்லெண்ணத்தோடு நம்பி, அதிகார எல்லையைக் கடந்து மரணத்தை விளைத்தால் அது கொலையாகாது. ஆனால் குற்றமேயன்று என்று சட்டம் கூறவில்லை. கொலையாகாத மனிதப் படுகொலை என்றே அதனை வகுக்கிறது. எல்லை மீறிய காவலனைச் சட்டம் இரக்கத்தோடு நோக்குகிறது, விடுவித்துவிடவில்லை.

இனி மன்னாருக்கு வருவோம். இக்கரையில் ஓட்டம் என்பதே குற்றமாக எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய தொழிலாளர் இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களிலிருந்து தலைமன்னாரிலும் அதனை அடுத்த துறைகளிலும் வந்திறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்தனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர். தோட்டத்தை அடைந்து, கடனும் கங்காணியும் தாங்க முடியாதபோது, வந்த வழியே கரை நோக்கித் திரும்பினோரும் உண்டு. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தக்க காரணமின்றி வேலையை விட்டோடுதலைச் சிறைக்குரிய குற்றமாக்கியது. உடன்படிக்கையை மீறிய முதலாளியோ வழக்காட வேண்டியவன். மீறிய கூலியாளோ பிடிக்கப்பட வேண்டியவன். துண்டு முறையும் இந்தத் தண்டனை முறையும் 1920 களின் தொடக்கத்திலேதான் ஒழிந்தன. ஓடுபவன் என்ற சொல்லுக்குள் எவரெவரை அடக்கலாம் என்பதை அவ்வக்கால ஆட்சியே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அதே காலத்தில் மன்னார்ப் பெருநிலக் கரையில், சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி, அரிப்பு ஆகிய இடங்களில் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளிலெல்லாம் ஒரு நகரம் சில வாரங்களுக்கு முளைத்து மறையும். ஓலைக் கொட்டில்களோடு நீதிமன்றும் மருத்துவமனையும் சிறைக்கூடமும் அங்கு அமைக்கப்படும். முத்தை வாயிலும் ஆடையிலும் மறைப்போரைப் பிடிப்பதே அக்காவலின் பெருங்கவலை. திருடியவன் அங்கேயே விசாரிக்கப்பட்டு அங்கேயே தண்டிக்கப்பட்டான். பல்லாயிரவர் கூடும் மணல்வெளியில், கையளவு முத்துக்கு ஒரு வீட்டையே வாங்கலாம் என்ற நிலையிலும், நீதவானைப் பக்கத்திலே வைத்துக்கொள்வதே அதற்கு வகுக்கப்பட்ட ஏற்பாடு.

சுதந்திரம் வந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டமும் இந்த 20 மைல் நீரைப் புதிய எல்லையாக்கின. 1914 ஆம் ஆண்டு முதல் புகைவண்டியும் கப்பலும் இணைந்து ஓடிய வழியில், தலைமுறை தலைமுறையாக உறவினரைக் காண வந்துபோனோர், கடவுச்சீட்டும் விசாவும் இன்றி வந்தால் குற்றவாளிகளாயினர். அவ்வாறு வந்த வள்ளத்துக்கு ஏற்பட்ட பெயர் கள்ளத்தோணி. வள்ளத்தின் பெயர் ஆளின் பெயராயிற்று. பின்னர், இந்நாட்டிலேயே பிறந்து தேயிலை கொய்து இந்நாட்டுக்கு வருவாய் தேடித்தந்த மலையக மக்கள் அனைவரையும் இகழும் வசைச்சொல்லாயிற்று. ஒரு சட்டப் பிரிவு ஒரு மக்கட் கூட்டத்தின்மேல் இவ்வளவு நீண்ட நிழல் வீழ்த்தியது வேறு எங்கும் அரிது.

1952 ஆம் ஆண்டில், தென்னிந்தியாவிலிருந்து சட்டவிரோதமாக வருவோரைத் தடுக்க, மொண்டி நடவடிக்கை என்ற பெயரில் இராணுவமும், பிறந்து ஈராண்டு நிறையாத கடற்படையும், பொலிசாரும் வடமேற்குக் கரையிற் காவல் பூண்டனர். 1963 ஆம் ஆண்டில் அது விரிவாக்கப்பட்டு, சட்டவிரோதக் குடிவரவுத் தடுப்புப் படையணி எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1981 வரை நீடித்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், பகைவன் எவனும் இல்லாத ஒரு கரையில், கூலி தேடி வருபவனை எதிர்பார்த்து ஆயுதமேந்திய வீரர் இரவிற் காத்திருந்தனர் என்பதை இன்றைய இளைஞர் நம்புதல் அரிது.

இங்கே நாம் சட்டத்தைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அனுமதியின்றி இந்நாட்டுட் புகுதல் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் உரிய குற்றமே, மரண தண்டனைக்குரியதன்று. ஆகவே, பனங்கூடலுக்குள் ஓடி மறையும் ஒருவனைப் பிடிக்க முடியவில்லை என்பதற்காக அவன் முதுகிற் சுட்டுக் கொல்லுதற்கு, அம்முப்பது ஆண்டுகளில் எந்த நாளிலும் கைதுச் சட்டம் காப்பளித்திராது. தப்பினால் தப்பட்டும் என்பதே சட்டத்தின் தீர்ப்பு. இதைக் கேட்கக் காவலனுக்குக் கசக்கலாம். இரவெல்லாம் விழித்து, நுளம்புக்கும் பனிக்கும் இரையாகிக் காத்திருந்தவன் கண்முன்னே ஒருவன் ஓடித் தப்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆயினும் ஓடியவனை நாளையும் பிடிக்கலாம். இறந்தவனை விசாரிக்க இயலாது.

போர்க்காலம் இந்த எல்லைகளையெல்லாம் அழித்தது. 1984 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வடகடலிற் கண்காணிப்பு வலயம் விதிக்கப்பட்டதும், தொழிலுக்குப் போன மீனவனும் ஐயத்துக்குரியவனானான். அதற்கு முந்திய ஆண்டிலேயே, அவசரகால விதியொன்று மரண விசாரணையின்றி உடல்களை அப்புறப்படுத்தப் பாதுகாப்புப் படையினருக்கு இடங்கொடுத்திருந்தது. மரண விசாரணை என்பது சிறிய சடங்கு போலத் தோன்றும். உண்மையில் சுட்டவன் சொல்லும் கதைக்கும் சுடப்பட்டவன் உடல் சொல்லும் கதைக்கும் ஒப்புநோக்கு நடைபெறும் ஒரே இடம் அதுவே. அதனை நீக்கிவிட்டால், தப்பியோட முயன்றபோது சுடப்பட்டான் என்ற ஒரு வாக்கியம் எந்த மரணத்துக்கும் போதுமான விளக்கமாகிவிடுகிறது. அந்த வாக்கியத்தை அக்காலத்தில் நாளிதழ் வாசித்தோர் எண்ணற்ற முறை கண்டிருப்பர்.

போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தது, வள்ளங்கள் முடியவில்லை. இன்று மன்னார்க் கரையில் இரவில் விளக்கின்றி வரும் ஒரு படகில் யாது இருக்கலாம்? பீடியிலை இருக்கலாம். 2020 ஆம் ஆண்டில் மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும், சமையலறை மஞ்சளே கடத்தற் பொருளாகி மூடை மூடையாகப் பிடிபட்டது, அதுவாகவும் இருக்கலாம். கடலட்டை இருக்கலாம்: இந்தியாவில் 2001 ஆம் ஆண்டு முதல் அதனைப் பிடித்தலே குற்றம், இங்கோ உரிமம் பெற்றவன் பிடித்து விற்கலாம், ஒரே பொருள் கடலின் நடுவே குற்றத்திலிருந்து வாணிகமாக மாறிவிடுகிறது. கஞ்சா இருக்கலாம். ஹெரோயினும் இருக்கலாம். அல்லது மீன் தவிர வேறொன்றும் இல்லாதிருக்கலாம்.

இவற்றுள் ஹெரோயினைப் பற்றிச் சற்றே நின்று பார்க்க வேண்டும். 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் கடத்துதலை மரண தண்டனைக்கோ ஆயுட்சிறைக்கோ உரிய குற்றமாக்கியது. எழுத்தளவில் மட்டும் பார்த்தால், கைதுச் சட்டத்தின் தடை ஹெரோயின் கடத்தியவனைக் காப்பாற்றவில்லை. அவன்மீது சாட்டப்படும் குற்றம் மரணத்துக்குரியது. ஆனால் இந்நாட்டில் 1976 ஆம் ஆண்டுக்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. நீதிமன்றம் விசாரித்து, சான்று கேட்டு, மரண தண்டனை விதித்தபின்பும் அரசு நிறைவேற்றத் தயங்கும் ஒரு தண்டனையை, விசாரணைக்கு முன்பே ஒரு காவலன் கடற்கரையிலே நிறைவேற்றலாமா? பழைய விதியின் நியாயம், பிடிபட்டாலும் அவன் சாகத்தானே போகிறான் என்பது. அந்த அடிப்படை ஐம்பதாண்டுகளாக இங்கு இல்லை. பிரிவு நிற்கிறது, அதனைத் தாங்கிய தூண் வீழ்ந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. சட்டம் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனைப் பற்றிப் பேசுகிறது. படகில் ஹெரோயின் இருந்ததென்று சுட்டபின் அறிவது, சுடுமுன் அறிந்ததாகாது. துப்பாக்கியை உயர்த்தும் வேளையில் காவலன் அறிந்திருந்தது யாது என்பதே வினா. விளக்கில்லாத படகு என்பது மட்டுமே அவன் அறிந்ததாயின், மஞ்சள் மூடைக்காரனையும் ஹெரோயின்காரனையும் அவன் பிரித்தறிந்திருக்க முடியாது.

கடலிற் சுடுதல் பற்றி உலக நீதிமன்றங்கள் கூறியவை நமக்கு இங்கே பெரிதும் உதவும். 19 ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சுங்கச் சட்டம், துரத்தும் அரச கப்பல் முதலிற் கொடியேற்ற வேண்டும், பின்னர் அடையாள வெடி ஒன்று தீர்க்க வேண்டும், அதன்பின்னரே ஓடும் கப்பலை நோக்கிச் சுடலாம் என்று படிமுறை வகுத்தது. 1929 ஆம் ஆண்டு பங்குனி மாதம், கனடாவிற் பதிவான ஐ ஆம் அலோன் என்னும் மதுக்கடத்தற் கப்பலை அமெரிக்கக் கரையோரக் காவற்படை மெக்சிக்கோ வளைகுடாவில் துரத்திச் சென்று சுட்டு மூழ்கடித்தது. மாலுமி ஒருவர் மாண்டார். மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலம். கப்பல் கடத்தலில் ஈடுபட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1935 ஆம் ஆண்டில் இருநாட்டு ஆணையாளரும், வேண்டுமென்றே மூழ்கடித்தல் எந்த வகையிலும் நியாயமாகாது எனக் கண்டனர். 1961 ஆம் ஆண்டில் பரோத் தீவுகளுக்கு அருகே, கைதான ரெட் குருசேடர் என்னும் ஸ்கொத்லாந்து மீன்பிடிக் கப்பல் தப்பியோடியது. டென்மார்க்குப் போர்க்கப்பல் அதன்மேற் சுட்டது. உயிரிழப்பு எதுவுமில்லை. அப்படியிருந்தும், தக்க எச்சரிக்கையின்றிச் சுட்டதும், கப்பலிலிருந்தோர் உயிருக்கு ஆபத்து விளையும்படி சுட்டதும் அளவு மீறிய செயல் என்று விசாரணைக் குழு 1962 ஆம் ஆண்டிற் கூறிற்று. 1999 ஆம் ஆண்டில், சைகா என்னும் எண்ணெய்க் கப்பல் வழக்கில் அனைத்துலகக் கடற்சட்ட நீதிமன்று இதையே உறுதிசெய்தது: பலத்தைக் கூடியவரை தவிர்க்க வேண்டும்; தவிர்க்க முடியாதபோதும் தேவைக்கு மேற் செல்லலாகாது.

நம் கடலில் இவ்விதி அன்றாடம் சோதிக்கப்படுகிறது. 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை பாக்குநீரிணையிலும், 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கை மன்னார் வளைகுடாவிலும் எல்லை வகுத்தன. நீரிலே கோடு தெரியாது. இழுவைப் படகுக்காரருக்குத் தெரிந்தாலும் மீன் இருக்கும் பக்கமே போவர். 2017 ஆம் ஆண்டு பங்குனியில் தங்கச்சிமடத்து இளம் மீனவர் ஒருவர் கடலிற் குண்டுபட்டு இறந்தார். இலங்கைக் கடற்படை சுட்டதென்று உடன் சென்றோர் கூறினர், கடற்படை மறுத்தது. 2021 ஆம் ஆண்டு தைமாதம், நெடுந்தீவுக்கு அப்பால் துரத்தலின்போது படகும் கடற்படைக் கலமும் மோதி நால்வர் மாண்டனர். துப்பாக்கி வெடியாமலே துரத்தலும் கொல்லும்.

இதைக் கூறும்போது மன்னார் மீனவனின் குறையையும் கூறாது விடுதல் நேர்மையன்று. பேசாலையிலும் விடத்தல்தீவிலும் வங்காலையிலும் கடன்பட்டு வலை வாங்கியவன், காலையில் அது இழுவை மடியில் அகப்பட்டுக் கிழிந்து கிடப்பதைக் காண்கிறான். கடலடித்தளத்தை வாரும் இழுவை மடியை நமது பாராளுமன்றம் 2017 ஆம் ஆண்டில் முற்றாகத் தடைசெய்தது. அவன் கேட்பது படகைப் பிடியுங்கள், வழக்குத் தொடருங்கள், நட்டம் பெற்றுத் தாருங்கள் என்பது. அக்கரையில் இருப்பவனும் அவன் மொழி பேசுபவனே. பலவேளை அவன் உறவினனே. காவல் வேண்டும் என்பதற்கும் சாவு வேண்டும் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை, கடலிலே பிழைப்பவன் கரையிலிருந்து முழங்குவோரைவிட நன்றாக அறிவான்.

தரையில் இவ்வினாவுக்கு மிகத் தெளிவான விடை தந்தது அமெரிக்க உச்ச நீதிமன்று. 1974 ஆம் ஆண்டு ஐப்பசி 3 ஆம் நாள் இரவு, டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் வீடொன்றில் திருடன் புகுந்தான் என்று பொலிசார் அழைக்கப்பட்டனர். பின்புறத்துக் கம்பிவேலியருகே ஒரு சிறுவனைக் கைவிளக்கொளியிற் கண்ட காவலர், அவனிடம் ஆயுதம் இல்லையென்றே ஏறக்குறைய நிச்சயமாக எண்ணினார். நில் என்றார், சிறுவன் வேலி ஏறினான், சுட்டார். 15 வயதுச் சிறுவன் மாண்டான். அவனிடம் இருந்தவை 10 டொலரும் ஒரு கைப்பையுமே. மாநிலச் சட்டம் தேவையான எல்லா வழிகளையும் கையாள இடங்கொடுத்திருந்தது. காவலர் சட்டத்தை மீறவில்லை. 1985 ஆம் ஆண்டில் டென்னசி எதிர் கார்னர் என்ற வழக்கில் நீதியரசர் அறுவர், ஓடுபவனால் காவலருக்கோ பிறருக்கோ மரணமோ கடுங்காயமோ விளையும் என நம்பத் தக்க ஆதாரம் இல்லாதபோது அவனைக் கொல்ல அம்மாநிலச் சட்டம் இடங்கொடுத்தது அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்த்தனர், மூவர் மாறுபட்டனர். தூக்குத்தண்டனைக் காலத்து விதியை இக்காலத்துக்கு அப்படியே கொணர்தல் பொருந்தாது என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. இங்கிலாந்தோ 1967 ஆம் ஆண்டிலேயே பெருங்குற்றம், சிறுகுற்றம் என்ற பிரிவையே நீக்கிவிட்டது. 1990 ஆம் ஆண்டில் ஹவானாவிற் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு வகுத்த கோட்பாடுகள், உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே வேண்டுமென்று கொல்லும் பலத்தைக் கையாளலாம் என்கின்றன.

மாறுபட்ட மூவர் பக்கத்து வாதமும் வலிமையற்றதன்று. காவலன் நொடிப்பொழுதிற் தீர்மானிக்கிறான். நாம் ஆண்டுக் கணக்கில் ஆராய்கிறோம். தப்பிச் செல்லும் கொலைஞன் நாளை இன்னொருவனைக் கொல்லலாம். ஓடினால் விடுவர் என்று தெரிந்தால் எவன் நிற்பான்? இவ்வச்சத்துக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது. 1864 ஆம் ஆண்டு பங்குனி 21 ஆம் நாள் மாவனல்லையில், உத்துவன்கந்தைச் சரதியேல் என்னும் பெயர்போன கொள்ளைக்காரன் முற்றுகையிடப்பட்டான். சபான் என்ற மலாய்க் காவலர் அங்கே சுடப்பட்டு மாண்டார். இந்நாட்டிற் கடமையில் உயிர்நீத்த முதற் பொலிஸ்காரர் அவரே என்பர். அப்படியிருந்தும் சரதியேல் உயிரோடு பிடிக்கப்பட்டு, கண்டியில் விசாரிக்கப்பட்டே தூக்கிலிடப்பட்டான். தன் ஊழியனைப் பறிகொடுத்த அந்நிய ஆட்சியே அன்று வழக்குக்காகக் காத்திருந்தது.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை என்ற சொற்றொடர் இல்லை. ஆயினும் 13 ஆம் உறுப்புரையின் 4 ஆம் பந்தி, தகுதிவாய்ந்த நீதிமன்றின் கட்டளையின்றி எவருக்கும் மரண தண்டனையோ சிறைத் தண்டனையோ விதிக்கலாகாது என்கிறது. 2003 ஆம் ஆண்டில் நமது உயர் நீதிமன்றம், பொலிஸ் காவலில் நிகழ்ந்த ஒரு மரணத்தைப் பற்றிய வழக்கில், இப்பந்தியினுள்ளேயே உயிர்வாழும் உரிமை உட்கிடையாக இருக்கிறது எனக் கண்டது. அதன்படி நோக்கின், 23 ஆம் பிரிவின் மரண தண்டனைக்குரிய குற்றம் என்ற சொற்களைக் கொலை அனுமதியாகப் படித்தல் தகாது. அச்சொற்கள் ஒரு தடையின் எல்லையைக் காட்டுவன. தடைக்கு அப்பால் நியாயமான தேவை என்ற இன்னொரு வேலி நிற்கிறது. ஆபத்து விளைக்காது ஓடுபவனைக் கொல்வது அந்த வேலிக்கு உட்படாது என்பது என் கருத்து.

ஏட்டிலுள்ள இவ்வெல்லை தெருவில் எப்படி நிற்கிறது என்பதை 2016 ஆம் ஆண்டு ஐப்பசி 20 ஆம் நாள் இரவு காட்டியது. யாழ்ப்பாணம் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிளிற் சென்ற பல்கலைக்கழக மாணவர் இருவர் மாண்டனர். முதலில் அது வீதி விபத்தென்றே சொல்லப்பட்டது. மருத்துவப் பரிசோதனையிற் குண்டுக் காயம் வெளிப்பட்டது. மறித்தபோது நில்லாது சென்றனர் என்பது பின்னர் வந்த விளக்கம். பொலிசார் ஐவர் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். மறிக்கும்போது நில்லாமை வீதிச் சட்டத்தில் யாது தண்டனைக்குரியதோ, அது மரணம் அன்று என்பது எவருக்கும் தெரியும். இங்கு மரணப் பரிசோதனை நடவாதிருந்தால் முதலில் வந்த கதையே நிலைத்திருக்கும் என்பதையும் நேயர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2022 ஆம் ஆண்டு பொருளாதாரம் சீர்குலைந்து, அரிசியும் பால்மாவும் விலைக்கெட்டாதபோது, மன்னார்க் கரையிலிருந்து மீண்டும் வள்ளங்கள் புறப்பட்டன. இம்முறை வள்ளம் எதிர்த்திசையில் ஓடியது. கள்ளத்தோணி என்று ஒருகாலத்தில் துரத்தப்பட்டோரின் வழியே இந்நாட்டவர் அக்கரைக்கு ஓடினர். அனுமதியின்றி நாட்டை விட்டுச் செல்லுதலும் அதே 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமே. இப்பக்கத்திற் கடற்படையிடம் அகப்பட்டோர் நீதவான் முன் நிறுத்தப்பட்டனர். பங்குனி 22 ஆம் நாள் இரு தொகுதியாக 16 பேர் அக்கரை சேர்ந்தனர். முதலிற் சென்ற அறுவரை, ஏற்றிச் சென்ற வள்ளக்காரர் அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள தீடையொன்றில் இறக்கிவிட்டுத் திரும்பினர். இந்தியக் கரையோரக் காவற்படையினர் வந்து அவர்களை மீட்டு மண்டபத்துக்குக் கொண்டு சென்றனர். அவ்வறுவருள் ஒன்று நான்கு மாதக் குழந்தை.